பெருங்குடல் புற்றுநோய்: நம்பத்தகுந்த தகவலை எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: "தேடல்"

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, அறுவை சிகிச்சையில் கட்டி அகற்றப்பட்டுவிட்டது. அகற்றிய பகுதியின் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு, இது மூன்றாம் நிலை என்றும், மாத்திரையும் ஊசியுமாக 3 மாதம் கீமோதெரபி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். அவர் பொறுமையாகவே விளக்கினார். ஆனால் மூன்றாம் நிலை என்று கேட்ட பிறகு அவர் சொன்ன எதுவும் எங்கள் மனத்தில் ஏறவில்லை.

நானும் தம்பியும் இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறோம். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு தளம் மூன்றாம் நிலைக்கு 6 மாதம் கீமோதெரபி என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. "பாதியிலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள், உடனே மருத்துவரை மாற்றுங்கள்" என்கிறார் சித்தப்பா. சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும் என்றும், பாதாமி (ஆப்ரிகாட்) பழ விதையிலுள்ள "வைட்டமின் பி17" ஒன்றே போதும் என்றும், கீமோதெரபிதான் ஆளைக் கொல்கிறது என்றும் உறவினர்கள் காணொளிகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அனைவரும் அப்பா மீதுள்ள பாசத்தால் அனுப்புகிறவர்கள் என்பதால், முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் மனம் வரவில்லை.

மருத்துவம் படிக்காத எங்களைப் போன்றவர்கள் எதை நம்புவது, அதை எப்படிச் சரிபார்ப்பது? மனம்விட்டுப் பேசவும் வழி கேட்கவும் யாரை அணுகலாம்? அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: "செவ்வந்தி"

உங்கள் தந்தையார் நலம்பெற வேண்டுகிறேன். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தந்தையாரின் அறிக்கையை நான் பார்க்கவில்லை என்பதால், நான் சொல்வதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3 மாதமா, 6 மாதமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் 6 மாதம் கீமோதெரபி கொடுப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதில் சேரும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் சுரீரென்று குத்தும். நாளடைவில் கை கால் விரல்கள் மரத்துப்போகும். உடலில் சேரும் மருந்தின் மொத்த அளவு கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடும். சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்தும் அது நீங்குவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் மருந்துக் காலத்தைக் குறைக்க முடியுமா என்று பல நாடுகளில் 6 ஆய்வுகள் நடத்தப்பட்டன. 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்த அந்தக் கூட்டாய்வின் முடிவு 2018-இல் வெளியானது. ஐடியா என்பது அதன் சுருக்கப் பெயர். கட்டி ஊடுருவிய ஆழம் டி1 முதல் டி3 வரையும், நிணநீர்க் கணுக்களின் நிலை என்1 (1 முதல் 3 கணுக்களில் நோய்) ஆகவும் இருந்தவர்களில், கேப்சிடபின் மாத்திரையும் ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் சேர்ந்த சிகிச்சையை 3 மாதம் பெற்றவர்களுக்கும் 6 மாதம் பெற்றவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நரம்புப் பாதிப்போ 3 மாதம் பெற்றவர்களிடம் வெகுவாகக் குறைந்திருந்தது. டி4 அல்லது என்2 ஆக இருந்தால், அதாவது கட்டி இன்னும் ஆழமாகப் போயிருந்தாலோ 4 அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் நோய் இருந்தாலோ, கணக்கு மாறும். அவர்களுக்கு இன்றும் 6 மாதம் பரிசீலிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் தந்தையார் முதல் வகையைச் சேர்ந்தவராக இருந்தால், 3 மாதம் என்பது பாதியில் நிறுத்துவது ஆகாது. அதுவே முழுச் சிகிச்சை. நீங்கள் பார்த்த தளம் பெரும்பாலும் 2018-க்கு முன் எழுதப்பட்டதாகவோ, எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டதாகவோ இருக்கும்.

இதிலிருந்து நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, தேடலை இணையத்திலிருந்து தொடங்காமல் உங்கள் தந்தையாரின் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள் என்பதே. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய திசுப் பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்கள் உரிமை. அதில் "பிடி3 என்1பி" என்பதைப் போல ஒரு வரி இருக்கும். முன்னால் உள்ள "பி", அகற்றிய பகுதியை நுண்ணோக்கியில் பார்த்து எடுத்த முடிவு என்பதைக் குறிக்கும். டி3 என்றால் கட்டி குடல் சுவரின் தசை அடுக்கைத் தாண்டியிருக்கிறது; என்1பி என்றால் 2 அல்லது 3 நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் காணப்பட்டது. மொத்தம் எத்தனை கணுக்களைப் பரிசோதித்தார்கள் என்பதும் அருகிலேயே இருக்கும். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருந்தால்தான் நிலையை நம்பிக்கையோடு கூற முடியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். வெட்டிய விளிம்புகளில் புற்றுநோய் இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஎன்ஏ-வில் நேரும் பிழைகளைச் சரிசெய்யும் எம்எம்ஆர் புரதங்கள் பற்றிய இன்னொரு வரி உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்தே முக்கியமானது. அப்புரதங்களில் ஏதேனும் இல்லை என்று அறிக்கை சொன்னால், அது சில வேளைகளில் லிஞ்ச் நோய்க்குறி என்னும், புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைத் தன்மையின் அறிகுறியாக இருக்கலாம். மேற்கொண்டு சோதனைகள் செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். எப்படியிருந்தாலும், பெற்றோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருப்பதால், பிள்ளைகள் எந்த வயதில் கொலனோஸ்கோபி (குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்காமலே போய்விடுகின்றன.

மறுமொழி 2: "ஏட்டறை"

செவ்வந்தி அவர்கள் அறிக்கையைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். மருத்துவ நூலகம் ஒன்றில் பணிபுரிவதால், எங்கே தேடுவது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் முதலில் கைகாட்டுவது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிக்யூ தொகுப்புகளை. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் நோயாளிகளுக்கென ஒன்று, மருத்துவர்களுக்கென ஒன்று என இரண்டு வடிவங்கள் உண்டு. எழுதியவர்கள் யார், எந்த ஆய்வை ஆதாரமாகக் கொண்டார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். என்சிசிஎன் என்ற அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு, மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டி நெறிகளையே நோயாளிகளுக்காக எளிமைப்படுத்திக் கையேடுகளாக வெளியிடுகிறது. பெருங்குடலுக்கும் தனிக் கையேடு உண்டு. எஸ்மோ என்ற ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்பும் நோயாளிகளுக்கான வழிகாட்டிகளை வெளியிடுகிறது. அன்றாடச் சிக்கல்களுக்கு, அதாவது பசியின்மை, களைப்பு, வேலைக்குத் திரும்புதல் போன்றவற்றுக்கு, பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே, மேக்மில்லன் ஆகிய தொண்டு நிறுவனங்களின் பக்கங்கள் மிக இயல்பான நடையில் எழுதப்பட்டவை. இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தம்பி படித்துத் தமிழில் குறிப்பெடுத்தால் வீட்டில் எல்லோரும் படிக்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மருந்தின் பெயரையும் அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

புதிதாக ஒரு தளத்தைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது தேதியை. அடுத்து, யார் பணத்தில் அது நடக்கிறது, படித்து முடித்ததும் எதையாவது வாங்கச் சொல்கிறதா என்று பார்ப்பேன். எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து என்று சொல்லும் பக்கத்தை அந்த இடத்திலேயே மூடிவிடலாம். புற்றுநோய் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர். ஒரே உறுப்பில் வரும் புற்றுநோயிலேயே மருந்துக்கு இணங்குவதும் இணங்காததுமாகப் பல வகைகள் உண்டு. குணமடைந்தவர்களின் கதைகளை மட்டுமே ஆதாரமாகக் காட்டுவதும், மருத்துவர்கள் இதை மறைக்கிறார்கள் என்று சொல்வதும், பக்க விளைவே கிடையாது என்று உறுதியளிப்பதும் ஆபத்தின் அடையாளங்கள்.

உறவினர்கள் அனுப்பியவற்றுக்கு வருகிறேன். "வைட்டமின் பி17" என்பது வைட்டமினே அன்று. அமிக்டலின் என்னும் பொருளுக்கும், அதிலிருந்து உருவாக்கிய லேட்ரைலுக்கும் விற்பனைக்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 1982-இல் வெளியானது. புற்றுநோய் குறையவில்லை, சிலரின் இரத்தத்தில் சயனைடு நச்சு அபாய அளவை நெருங்கியது. பாதாமி விதை உடலுக்குள் போனால் சயனைடாக மாறும் என்பதால், இதை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் மறுத்துவிடுங்கள். சர்க்கரை விஷயம் அப்படி அன்று. எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, புற்றுநோய் அணுக்கள் கூடுதலாகவே பயன்படுத்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் உணவில் சர்க்கரையை நிறுத்தினாலும் உடல் தனக்கு வேண்டிய குளுக்கோஸைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அறுவை சிகிச்சை முடிந்தவர் எடை குறைந்து பலவீனமாவதுதான் மிச்சம். தந்தையாருக்கு நீரிழிவு இருந்தால் மருத்துவர் தனியே சொல்வார்.

பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் ஒன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "உடம்பு தேறட்டும்" என்று யாராவது சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கக்கூடும். பல சத்து மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது கேப்சிடபினின் நச்சுத்தன்மையைக் கூட்டவல்லது. மாத்திரைப் பட்டையின் பின்புறத்தைப் படித்து, எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வார்ஃபரினும் கேப்சிடபினும் சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். மூலிகைகளுக்கும் மருந்துகளுக்கும் இடையே ஏற்படும் விளைவுகளைத் தேட, மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் "அபவுட் ஹெர்ப்ஸ்" தரவுத்தளம் பயன்படும்.

உறவினர்களிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை. சமூக ஊடகங்களில் மிகுதியாகப் பகிரப்பட்ட 200 புற்றுநோய்க் கட்டுரைகளை வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட்ட ஆய்வொன்று 2021-இல் வெளியானது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டுரைகளில் பிழையான தகவல் இருந்தது. அவற்றுக்கே மக்களின் ஈடுபாடும் அதிகமாக இருந்தது. அன்புள்ளவர்கள் கைக்கு அவை வந்து சேர்வதில் வியப்பில்லை. "மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, யாரையும் புண்படுத்தவும் செய்யாது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: "தேடல்"

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். டி3, என்1பி என்றே இருக்கிறது. 19 கணுக்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கும் விளக்கினோம், அவரும் சமாதானமடைந்துவிட்டார்.

இன்னும் மனத்தை அழுத்துவன சில உண்டு. வந்திருப்பது புற்றுநோய் என்று அப்பாவிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை. குடலில் கட்டி இருந்தது, எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். சொன்னால் உடைந்துபோவார் என்று அம்மா அஞ்சுகிறார். அம்மாவோ சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, உறங்குவதும் இல்லை. தம்பி ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்று ஓர் எண்ணைப் படித்துவிட்டு அதிலேயே உழன்றுகொண்டிருக்கிறான்.

மறுமொழி 3: "மகிழம்பூ"

என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. மறைப்பது அன்பினால்தான் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுவதே நல்லது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அவர் எடுக்கப்போகும் கேப்சிடபினை வீட்டில்தான், காலையும் மாலையுமாக, வழக்கமாக 14 நாள் எடுத்து 7 நாள் இடைவெளி விட வேண்டும். வயிற்றுப்போக்கு மிகுந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தாலோ அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். எதற்கு மாத்திரை என்றே தெரியாதவர், "பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு" என்று இந்த அறிகுறிகளை வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வார். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மேலும், மருந்தேற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேச்சுவாக்கில் சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயால் தெரிந்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. "அப்பா, மருத்துவர் சொன்னதையெல்லாம் நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். ஆனால் அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும். நாங்கள் கேட்டபோது அம்மா, "எனக்கு முன்பே தெரியும், நீங்கள் வருந்துவீர்கள் என்றுதான் நான் கேட்கவில்லை" என்றார். சொல்லும் துணிவு உங்களுக்கு வரவில்லையென்றால் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடினமான செய்தியைப் படிப்படியாகச் சொல்லும் முறையில் அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

அம்மாவைப் பற்றி: கவனித்துக்கொள்பவருக்கும் உதவி தேவை என்பதை மருத்துவமனையில் நீங்களே எடுத்துச் சொன்னால்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பெரிய புற்றுநோய் மையங்களில் மருத்துவச் சமூகப் பணியாளரும், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் மனநல ஆலோசனை தருபவரும் இருப்பார்கள். கடந்த வாரத்தில் மன உளைச்சல் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்று பொருள்கொள்கிறார்கள். அதை அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். "கவலைப்படாதே" என்று சொல்வதைவிட, வாரத்தில் ஒரு பகல் அப்பாவின் பொறுப்பை நீங்கள் ஏற்று அம்மாவை உறங்க விடுவது பலன் தரும்.

நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு உங்களை அனுப்பினால் பதறாதீர்கள். அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு. வலி, குமட்டல், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றைத் தணிப்பது அவர்கள் வேலை. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே இச்சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய வாழ்க்கைத்தரம் மேம்பட்டதுடன் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மறுமொழி 4: "செவ்வந்தி"

அறிக்கை விவரத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி. 3 மாதம் என்ற திட்டம் அதற்குப் பொருந்துகிறது.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். ஐந்தாண்டு விகிதத்தைக் கணக்கிட, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். எனவே அந்த எண் எப்போதும் நேற்றைய சிகிச்சையைப் பற்றியது. மேலும், மூன்றாம் நிலை என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரு கணுவில் மட்டும் நோய் உள்ளவரும் பத்துக் கணுக்களில் உள்ளவரும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். வயது, உடல்வலு, வேறு நோய்கள் எவையும் அதில் தனித்துத் தெரிவதில்லை. பெருந்திரளான மக்களைப் பற்றிய எண்ணை வைத்து ஒருவருடைய நாள்களைக் கணக்கிட முடியாது. எண் வேண்டுமென்றே தோன்றினால், "அப்பாவின் அறிக்கையை வைத்து எங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு சரியானது?" என்று மருத்துவரிடம் கேட்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடமும் இப்போது பலர் கேட்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை குறித்து ஓர் உரையாடி தந்த பதில்களை வழிகாட்டி நெறிகளோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்களில் நெறிகளுக்குப் பொருந்தாத பரிந்துரை கலந்திருந்தது. சரியானதும் தவறானதும் ஒரே தெளிவான நடையில் வருவதால் பிரித்தறிவது கடினம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்க அவற்றைப் பயன்படுத்தலாம், முடிவெடுக்க வேண்டாம்.

ஆதரவுக் குழுக்களில் சேர விரும்பினால், பெருங்குடல் புற்றுநோய்க்கென்றே உள்ளதும், செவிலியரோ ஆலோசகரோ பொறுப்பேற்று நடத்துவதுமான குழுவைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ச்சியைத் தொடாமலிருக்கக் கையுறை அணிவது போன்ற அன்றாட உத்திகளை அங்கே கற்பதைப் போல் வேறெங்கும் கற்க முடியாது. மருந்தின் அளவைப் பற்றி அங்கே யார் சொன்னாலும் பின்பற்றாதீர்கள்.

முதல் சுற்று மருந்து தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்: இரவிலும் விடுமுறையிலும் எந்த எண்ணை அழைப்பது என்று மருத்துவமனையில் கேட்டு, மருந்துகளின் பெயர், சுற்று தொடங்கிய தேதி ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி, வெப்பமானியோடு சேர்த்து அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், எந்த நேரமானாலும் அந்த எண்ணை உடனே அழைக்க வேண்டும்.